விலார்க் கோயில் மணி

அக்கா,

இன்று காலை பிள்ளையின் நாப்பினுக்குக் குத்த ஊசி அகப்படாமல் இவருடைய மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன். ஊசி இல்லை. பழைய கடிதங்களுக்கு அடியில் ஒரு தந்தி கிடந்தது. சிட்னியிலிருந்து உங்கள் மகள் என் பெயருக்கு அனுப்பியது. அம்மா இன்று காலை இறந்துவிட்டா, உங்களுக்கு அன்றைக்கே சொல்லச் சொன்னவ என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி. திகதியைப் பார்த்தேன். ஐம்பத்துமூன்று நாள் கடந்திருந்தது.

பிள்ளைக்கு இன்று நாற்பத்தொரு நாள். அப்படியென்றால் நீங்கள் போய்ப் பன்னிரண்டாம் நாள் இவள் பிறந்திருக்கிறாள். பெரிய வயிற்றோடு கதிரையில் இருந்து, பெண் பிள்ளை என்றால் என்ன பெயர் வைக்கலாம் என்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடுகிறேன் என்று இவர் வாங்கிக்கொண்டு போனார். அந்த நேரம் நீங்கள் இல்லை. இவருக்கு அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

இவர் முகம் கழுவிவிட்டு வந்தார். என் கையில் தந்தியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நல்ல காரியம் முடியட்டும் எண்டு பாத்தன்," என்றார்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஐந்து வருடங்களுக்கு முன் இதே டண்டினொங்கில், எங்கள் தொழிற்சாலைக் கேற்றடியில் நின்று நான் சொன்ன வசனம் அல்லவா அது! சொல் மாறாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. இனி நான் எந்த வாயால் இவரோடு சண்டை பிடிக்கிறது?

களைப்பாக இருக்கிறது அக்கா. பிள்ளை இரவில் உறங்குவதில்லை, பகலில் என்னை உறங்க விடுவதில்லை. அழக்கூடத் தெம்பு வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கண்ணயர்ந்த நேரத்தில் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று கேட்காதீர்கள்.

எழுபத்துமூன்றில் நாங்கள் மெல்பனில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு விஞ்ஞானப் பட்டமும், யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் படிப்பித்த அனுபவமும், பெட்டி நிறையச் சேலைகளும் இருந்தன. பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். சேலை மெஷின் பெல்ட்டில் சிக்கும் என்றார்கள். மெல்பனுக்குப் புறத்தே டண்டினொங்கில், தகரத்தில் பழம் அடைக்கும் தொழிற்சாலையில் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் நீங்கள். தோல் உரித்த பீச் பழப் பாதிகள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். கொட்டை ஒட்டியதை எடுத்து எறிய வேண்டும். முதல் நாள் என் பக்கத்துக் கொட்டைகளையும் நீங்களே கையை நீட்டி எடுத்தீர்கள். மத்தியானம், "உனக்குக் கண் இருக்கு, கை இல்லை," என்றீர்கள். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

நாம் இருவரும் பேசிய ஆங்கிலத்தை ஒரு ஆங்கிலேயர் கேட்டால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்களுடையது பாதி ஸ்பானிஷ், என்னுடையது பள்ளிக்கூடப் புத்தகம். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் நீங்கள் பேசியதெல்லாம் என் காதில் எங்கள் தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். பத்து வயது மூத்தவர் என்று நான் அக்கா என்றேன். நீங்கள் என்னை ரீச்சர் என்றீர்கள். அந்தத் தொழிற்சாலையில் என்னை ரீச்சர் என்று கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் ஊர் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், மழை ஓயாத மலைப்பக்கம். பெயர் விலார். முப்பது வீடு, ஒரு கோயில். "விலார் எண்ட பேரில எங்கட பக்கத்தில பத்து ஊர் இருக்கு, அதுகளுக்குள்ள மோசமானது எங்கட," என்பீர்கள். உங்களைப்போல் தன் ஊரைத் திட்டிய ஒருவரை நான் காணவில்லை. சேறு, குளிர், கஞ்சிக்கும் வழியில்லாத மாரிகாலம், மரக்கட்டைச் செருப்பு. "நாய்கூட அங்க கோபிச்சுக்கொண்டு போயிடும்." ஆனால் மணியைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்லமாட்டீர்கள்.

பெல்ட் நின்று, திருத்த ஆள் வரும்வரை காத்திருக்கும் நேரங்களில், பழம் பொறுக்கும் கரண்டியால் இரும்புச் சட்டத்தில் தட்டிக் காட்டுவீர்கள். பெண் இறந்தால் இரண்டு அடி, நிறுத்தம், மறுபடி இரண்டு. ஆண் என்றால் மூன்று. வயலில் நிற்பவர்கள் மண்வெட்டியை விட்டுவிட்டு எண்ணுவார்களாம். பக்கத்து ஊர்க் கோயில் அதைக் கேட்டுத் தானும் அடிக்கும். அதைக் கேட்டு அடுத்த ஊர். பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

"எங்கட ஊரில ஆரும் ஆருக்கும் சாவு சொல்லப் போறேல்ல ரீச்சர். மணி சொல்லும். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லும்."

எங்கள் ஊரில் அப்படியில்லை என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே. எடுத்த எடுப்பில் சொல்லமாட்டோம். முதலில் கொஞ்சம் சுகமில்லை என்போம். பிறகு கடுமை என்போம். வீட்டுக்குக் கூட்டிவந்து, ஒரு தேத்தண்ணியும் குடிக்க வைத்து, அதன் பிறகுதான் சொல்லுவோம். நல்ல காரியம் நடக்கிற வீடென்றால் அது முடியும் மட்டும் மூச்சு விடமாட்டோம். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"அதுவரைக்கும் அந்த ஆள் செத்தவவோட கதைச்சுக்கொண்டு இருக்கிறதோ?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்தேன். அட கடவுளே, சிரித்தேன் அக்கா.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் உங்கள் கணவர் கேற்றடியில் நின்றார். கார்த் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட் செய்கிறவர் அந்த நேரத்தில் ஏன் வந்தார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் ஒரு தந்தி. விலாரில் உங்கள் அம்மா சனிக்கிழமை இறந்துவிட்டா. மனுசன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நீங்கள் உள்ளே கன்ரீனில் உங்கள் மகளின் வெள்ளை உடுப்புக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கோயிலில் முதல் நன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். எட்டு வயது. இரண்டு மாதமாக அதே பேச்சு. முப்பது பேருக்குச் சாப்பாடு, படம் பிடிக்க ஆள், அந்தப் படம் அம்மாவுக்கு.

"இப்ப சொல்லாதேங்கோ," என்றேன் நான். "ஞாயிற்றுக்கிழமை நல்ல காரியம் முடியட்டும். நீங்கள் இப்ப சொன்னால் பிள்ளையின்ர நாள் நாசமாப் போகும்."

அவர் கடற்கரைப் பட்டினத்துக்காரர். விலார் மணி அவருக்குத் தெரியாது. பாவம், யாராவது தனக்கு ஒரு வழி சொல்லமாட்டார்களா என்று வந்த மனுசன். படித்தவள், ரீச்சர் சொல்லுகிறாள் என்று தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய நன்மை செய்த நினைப்பில் நான் உள்ளே வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். என்ன கோதாரி பிடித்த கெட்டித்தனம்!

அந்த ஆறு நாளும் உங்களுக்கு எதிரே நின்றேன். நீங்கள் பாடிக்கொண்டே கொட்டை பொறுக்கினீர்கள். அம்மாவுக்குப் படத்தோடு என்ன எழுதலாம் என்று கேட்டீர்கள். நான் யோசனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வளவில் மேசை போட்டு விருந்து நடந்தது. பழைய ரேடியோகிராமில் பாட்டுப் போட்டார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினீர்கள். என்னையும் இழுத்தீர்கள். உங்கள் கணவர் வாளியில் ஐஸ் கட்டி போடுகிற சாட்டில் கராஜுக்குள் போய் நின்றார். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் சொல்லிவிட்டார். சொல்லவேண்டாம் என்றது யார் என்பதையும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தீர்கள். கறுப்புச் சட்டை. தொப்பியைக்கூடப் போடாமல் நேரே என்னிடம் வந்தீர்கள்.

"சனி ஒண்டு, ஞாயிறு ரெண்டு," என்று விரல் மடக்கத் தொடங்கினீர்கள். ஒவ்வொரு நாளாக மடக்கிக்கொண்டு போய் மற்ற ஞாயிறில் நின்றீர்கள். "ஒன்பது. ஒன்பது நாள் சனம் வரும். ஒவ்வொரு நாளும் ஒரு ஊர் வந்திருந்து செபம் சொல்லும். வர ஏலாத ஆக்கள் இருக்கிற இடத்தில மெழுகுதிரி கொளுத்துவினம். எங்க இருந்தாலும் அதே ஒன்பது நாள். அம்மாக்கு நான் ஒரே பிள்ளை. அந்த ஒன்பதாம் நாள் நான் ஆடினனான். நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"அக்கா, உங்களுக்கு நல்லதுக்குத்தான்..."

"எனக்கு எது நல்லதெண்டு முடிவெடுக்க நீ ஆர்?"

நீங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பட்டாணிப் பக்கத்துக்கு மாறிப் போனீர்கள். உங்கள் இடத்தில் வந்த கிரேக்கப் பெண் நல்லவள்தான். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாள் முழுக்கப் பீச் பழம் ஓடும். இவரிடம் சொன்னேன். "நீ செய்ததில என்ன பிழை? எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறது," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு என் பிழை முழுதாக விளங்கியது. உங்கள் அம்மாவின் சாவை எங்கள் வீட்டுச் சாவுபோல் நினைத்துவிட்டேன்.

மூன்று கிழமை பொறுத்தேன். பிறகு ஒரு நாள் ஷிப்ட் முடிந்து உங்கள் பஸ்ஸில் ஏறி, உங்கள் பின்னால் நடந்து, உங்கள் வீட்டுக் கதவடியில் நின்றேன். நீங்கள் பூட்டில் திறப்பைப் போட்டுக்கொண்டே, "என்ன?" என்றீர்கள்.

"பிழை விட்டிட்டன். திருப்பிச் செய்ய ஏலுமோ எண்டு கேக்க வந்தனான்."

திரும்பிப் பார்த்தீர்கள். கோபத்தைவிடக் களைப்புத்தான் அந்த முகத்தில் இருந்தது. "பிந்தினது பிந்தினதுதான். ஆனா மணி அடிக்கத்தானே வேணும். உள்ள வா," என்றீர்கள்.

அன்றைக்குத் தொடங்கி ஒன்பது பின்னேரம் நான் உங்கள் குசினியில் இருந்தேன். தொழிற்சாலையில் இருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்றின் மூடி மட்டையைக் கிழித்து, பென்சிலால் ஊர்களைக் கீறினீர்கள். மெழுகுதிரியைக் கொளுத்தி, சாஸ்பான் மூடியைத் தூக்கிப் பிடித்து, கரண்டியால் இரண்டு அடி, நிறுத்தம், இரண்டு அடி. பிறகு அன்றைக்கு வருகிற ஊரின் பெயரைச் சொல்லி மட்டையில் விரலை வைப்பீர்கள்.

முதல் நாள் விலார். மிக்கேல் சம்மனசின், அதுதான் மிக்கேல் தேவதூதரின் கோயில். கோபுரம் கிடையாது, முன் சுவரே மேலே எழும்பி, அதில் இரண்டு ஓட்டை, இரண்டு மணி. கயிறு வெளியே தொங்கும். மணி அடிக்கிறவர் கோழிகளைக் கலைத்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். இரண்டாம் நாள் கீழே ஆலைக்காரர் ஊர். மாதா கோயில். மாரியில் ஆறு உள்ளே வந்து பீடத்தடியில் நிற்கும். சனம் வாங்கில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பூசை காணும். மூன்றாம் நாள் மலை ஊர். குதிரையில் இருக்கும் யாகப்பர். யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கர்கள் கும்பிடுகிற அதே யாகப்பர்தான் என்று நான் சொன்னபோது, "அங்கயும் போட்டாரோ அந்தாள்?" என்றீர்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தீர்கள்.

நாலாம் நாள் ஆற்றுக்கு அப்பால். அந்த ஊருக்கும் விலாருக்கும் மேய்ச்சல் நிலத் தகராறு. திருநாளில் இரண்டு ஊர்ச் சிலுவைகளும் பாலத்தில் சந்தித்து ஒன்றையொன்று தொட்டுக் கொஞ்ச வேண்டும். நீங்கள் சிறு பெட்டையாக இருந்த ஒரு வருடம் இரண்டு சிலுவையும் பாலத்தடியில் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போயினவாம். "ஆனா அம்மாக்கு வந்திருப்பினம். சாவெண்டா வருவினம்," என்றீர்கள். ஐந்தாம் நாள் கஷ்கொட்டைக் காட்டு ஊர். ஏழே வீடு, அதில் ஆறு பூட்டு. கோயில் திறப்பு ஒரு கிழவியிடம். அவ தனியாக நடந்து வருவா என்றீர்கள்.

ஐந்து ஊர் முடிந்துவிட்டது. மீதி நாலு நாளுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன்.

"மற்ற ஊர்கள்," என்றீர்கள். ஆறாம் நாள் புவனஸ் அயர்ஸ். ஏழாம் நாள் ஜெர்மனி. எட்டாம் நாள் பார்சலோனா. மட்டையின் ஓரங்களில் அவற்றையும் கீறினீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மணியோடு. விலார்ச் சனத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தது. ஒன்பதாம் நாள் மட்டையில் இடமில்லாமல் கீழ் மூலையில் ஒரு புள்ளி வைத்தீர்கள். டண்டினொங்.

"இந்த ஊரில நான் ஒராள்தான் இருக்கிறன். அதால நீயும் வா," என்று சொல்லிக் கரண்டியை என் கையில் தந்தீர்கள். நான் சைவக்காரி, உங்கள் செபம் ஒன்றும் தெரியாது. எண்ணிக்கை தெரியும். இரண்டு அடி, நிறுத்தம், இரண்டு அடி. அடித்து முடிய நீங்கள் மேசையில் தலையை வைத்து அழுதீர்கள். நானும் அழுதேன்.

அழுது முடிந்து முகத்தைத் துடைத்தபடி சொன்னீர்கள்: "உன்னை மன்னிச்சிட்டன் ரீச்சர். ஆனா ஒண்டு. இனி நீ 'ஒண்டுமில்லை அக்கா' எண்டு சொன்னா நான் எப்பிடி நம்புறது?"

பிறகு பீச் பெல்ட்டுக்குத் திரும்பி வந்தீர்கள். எனக்கு முதலாவது வயிற்றிலேயே போனபோது, ஆஸ்பத்திரியில் எல்லோரும் எனக்கு ஒளித்துப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள்தான் கட்டிலடியில் வந்து நின்று, "பிள்ளை இல்லை ரீச்சர்," என்று நேரே சொன்னீர்கள். எழுபத்தாறில் உங்கள் கணவரின் தம்பியோடு இருக்கவென்று சிட்னிக்குப் போனீர்கள். ரெயில் ஏறும்போது அந்த மட்டையை என் கைப்பைக்குள் செருகி, "எனக்கு இது மனப்பாடம். உனக்குத்தான் மறக்கும்," என்றீர்கள்.

இரண்டாவதும் போனது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த முறை இவர் பயந்திருக்கிறார். தந்தி வந்த அன்றைக்கு நான் ஒன்பதாம் மாதம். சொல்லி எனக்கு ஏதும் ஆகியிருந்தால் என்று அவர் நினைத்ததில் குறை சொல்ல முடியவில்லை. இவள் கைகாலோடு சுகமாகப் பிறந்து இதோ பக்கத்தில் கிடக்கிறாள். ஆனால் உங்கள் ஒன்பது நாளில் ஒரு நாள் நான் இவரோடு படம் பார்க்கப் போனேன் அக்கா. இடைவேளையில் ஐஸ்கிறீம் குடித்தேன். கணக்குப் பார்த்துவிட்டேன்.

காலையில் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இன்னொரு பயம் வந்தது. ஊரில் அப்பாவின் கையெழுத்தைக் கண்டு மூன்று மாதமாகிறது. தம்பிதான் எழுதுகிறான், அப்பா சுகம், அப்பா சுகம் என்று.

"அந்த லாச்சிக்குள்ள வேற ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை," என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். இவர் லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, மேசையில் தலைகீழாகக் கொட்டினார். வாடகைக் கடிதங்கள், மூக்குக் கண்ணாடிக் கூடு, பழைய சாவி, நான் உங்களுக்கு எழுதிய கடிதம். வேறு ஒன்றும் இல்லை.

"இனி எந்தச் சாவெண்டாலும் அண்டைக்கே சொல்லுங்கோ. நான் எந்த நிலையில இருந்தாலும்," என்றேன்.

"ஓம்," என்றார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பிள்ளை எழும்ப முன் மட்டையை எடுத்து மேசையில் வைத்து, கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கிய மெழுகுதிரியில் மிச்சம் இருந்த ஒன்றைக் கொளுத்தினேன். சாஸ்பான் மூடி, கரண்டி. இரண்டு அடி, நிறுத்தம், இரண்டு அடி. பிள்ளை திடுக்கிட்டு எழும்பி வீரிட்டாள். இவர் ஓடிவந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார், ஏன் என்று கேட்கவில்லை. நான் விலாரில் விரலை வைத்தேன். மிக்கேல் சம்மனசின் ஆட்கள் வரட்டும், கோழிகளைக் கலைத்துவிட்டு.

நாளைக்கு ஆலைக்காரர். பிறகு மலை ஊர், ஆற்றுக்கு அப்பால், அந்தத் திறப்புக் கிழவி. பிறகு கடல் கடந்த ஊர்கள் ஒவ்வொன்றாக. சிட்னியை நீங்கள் கீறவில்லை. எட்டாம் நாள் பார்சலோனாவோடு உங்கள் மகளையும் சேர்த்துக் கூப்பிடுவேன். பிந்தித்தான் விட்டது அக்கா. ஒன்பதாம் நாள் டண்டினொங்கின் முறை. இந்த ஊரில் இப்போது நான் ஒராள்தான் இருக்கிறேன். வருவேன்.